கடற்கோட்டை மூலை அறை

பலகைக் கதவு படாரென்று சாத்திக்கொண்டது. வெளியே தாழ்ப்பாள் விழும் சத்தமும் கேட்டது.

"பயப்படாத ரெங்கம்மா, நான் இருக்கேன்ல," என்றான் அழகர்.

நல்லூர்த் திருவிழாவுக்கு ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்திலிருந்து பஸ் பிடித்து வந்த கூட்டம், ஊர்காவற்றுறைக் கடலுக்கு நடுவே, ஒரு காலத்தில் ஜெயிலாக இருந்த கோட்டையையும் பார்த்துவிடலாமென்று படகேறியிருந்தது. எல்லாரும் கடைசிப் படகில் ஏறிக்கொண்டிருக்க, புதுப் பெண்டாட்டி ஆசைப்பட்டாளே என்று மூலை அறைக்குள் நுழைந்ததுதான் அழகர் செய்த தப்பு.

தோளால் கதவை இடித்தான். கதவு அசையவில்லை, மேலிருந்த காரை உதிர்ந்து தலை நரைத்துப்போனது. கைப்பிடியைப் பிடித்து இழுத்தான். அது கையோடு வந்துவிட்டது.

"இருந்ததும் போச்சு," என்றாள் ரெங்கம்மா.

"அது எதுக்கு? இப்ப பாரு."

சன்னல் கம்பிக்கு வெளியே கையை நீட்டித் துண்டைச் சுழற்றினான். தோட்டத்தில் எதிர் மலையில் நிற்பவரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். படகுக்காரருக்கு அது தெரியுமா, பாவம்! 'நீங்க போங்க' என்கிறான் என்று நினைத்துப் படகை எடுத்துவிட்டார். படகிலிருந்த அவன் அம்மா பெரியாயியும் சிரித்துக்கொண்டே கையாட்டினாள். பதறிய அழகர் இன்னும் வேகமாகச் சுழற்ற, துண்டு கடலில் விழுந்தது.

"பஸ்ஸும் போயிருமே!"

"உக்காருங்க. மூணு மாசமா ஒண்ணு கேக்கணும்னு இருக்கேன்."

"இப்பவா?"

"வேற எப்ப? ஒம்பது பேரு ஒண்ணா படுக்குற ஒத்தக் காம்பராவுல நான் வாயத் தொறந்தா உங்கம்மாவுல்ல பதில் சொல்றாங்க! கடைசி லயத்துல ஒரு காம்பரா காலியா கெடக்கு. நம்ம ரெண்டு பேருக்கும் அதத் தோட்டத்துத் தொரகிட்ட கேப்பீங்களா, மாட்டீங்களா?"

"அம்மா என்ன சொல்லுமோ..."

"அம்மா படகுல போயிட்டாங்க."

அழகர் சன்னலைப் பார்த்தான். படகு எலுமிச்சம்பழ அளவுக்குச் சிறுத்திருந்தது. நெஞ்சு நிமிர்ந்தது.

"கேக்குறேன். திங்கக்கெழம காலையில பெரட்டுக்கு ஆள் கணக்கெடுக்க தொர வந்ததும் மொத ஆளா நின்னு கேக்குறேன். முருகன் மேல சத்தியம்!"

ரெங்கம்மா பலமாக இரண்டு தடவை இருமினாள். தாழ்ப்பாள் விலகியது.

"பாத்தியா, நான் இடிச்ச இடியில தாழ்ப்பாளே கழண்டுருச்சு!" என்றான் அழகர்.

தன் தோணித் துடுப்போடு வாசலில் நின்ற கிழட்டுக் காவல்காரர் அவனைத் தாண்டிப் பார்த்தார்.

"தங்கச்சி, நீங்கள் சொன்னபடி, இருமும் வரைக்கும் பூட்டி வச்சிருந்தனான். காணுமோ, இன்னும் கொஞ்சம் வேணுமோ?"