டெல்லி வழியாக வந்த கிண்ணம்

எங்கள் விருத்தாசலத்தில் டொக்கு சார் தட்டிப் பார்க்காத பொருள் ஒன்றே ஒன்றுதான். அது பழமலைநாதர் கோயில் லிங்கம். குருக்கள் உள்ளே விடாததால் அதுவும் தப்பித்தது.

பீங்கான் கம்பெனியில் சூளையிலிருந்து வரும் சாமான்களைத் தட்டிப் பார்த்துப் பிரிக்கும் வேலை அவருக்கு. நல்ல சாமான் 'டிங்' என்னும். விரிசல் விட்டது 'டொக்' என்னும். வேலை ஓய்ந்த பிறகும் அவர் விரல் ஓயவில்லை. எங்கள் தெருவுக்குப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் ஹெல்மெட்டை, அது தலையில் இருக்கும்போதே தட்டி, "டொக்குன்னு கேக்குது, யோசிச்சுக் குடுங்க" என்று பெண்ணின் அப்பாவிடம் சொன்ன மனுஷன்.

அவர் சம்சாரம் காலமாகிவிட்டார். மகன் சென்னையில். எங்கள் பக்கத்து வீட்டில் அவர் ஒற்றை ஆள். ஒரு லீவுக்கு வந்த பேத்தி ஒரு கூடையை வைத்துவிட்டுப் போனாள். உள்ளே இரண்டு உருண்டைகள், மூக்கை ஆட்டிக்கொண்டிருந்தன. கினி பிக்காம், புல் தின்னும் எலி ஜாதி. பெயர் லட்டு, பூந்தி.

"அப்பார்ட்மென்டுல வச்சிக்கக் கூடாதாம். கொஞ்ச நாளு வச்சிருங்க தாத்தா, நான் வந்து எடுத்துக்குறேன்."

தெருவில் எல்லாரும் "வாலறுந்த பெருச்சாளி" என்று முகம் சுளித்தார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பெருச்சாளி என்றால் பிள்ளையாரின் வாகனமாயிற்றே. வெள்ளிக்கிழமை பறிக்கும் அருகம்புல்லில் பிள்ளையாருக்கு ஒரு பங்கு, வாகனத்துக்கு ஒரு பங்கு என்று வைத்துவிட்டேன்.

அப்போதுதான் ஆன்லைனில் சாமான் வாங்குவது ஊருக்குள் மெல்ல வந்துகொண்டிருந்தது. சார் ஜங்ஷன் ரோட்டு ப்ரௌசிங் சென்டரில் போய் உட்கார்ந்துவிடுவார். "இருக்கிறதுலயே விலை கம்மியா இருக்கிறத அமுக்குப்பா" என்பார்.

முதலில் அதுகளுக்கு ஒரு தொட்டில் வந்தது. கைக்குட்டையின் நாலு மூலையிலும் கயிறு கட்டினால் எப்படி இருக்குமோ அப்படி. அடுத்து ஒரு குடிசை. அதற்குள் லட்டுவின் மூக்கு மட்டும்தான் போனது.

"போட்டோவுல பெருசா இருந்துச்சு தங்கச்சி."

"போட்டோவுல எல்லாருமே பெருசாத்தான் சார் இருப்போம்."

மணி வைத்த கழுத்துப்பட்டை வந்தது. அது எதிர்வீட்டு ஆட்டுக்குச் சரியாக இருந்தது. இன்றைக்கும் அந்த ஆட்டின் நடையில் இருந்த கர்வம் எனக்கு நினைவிருக்கிறது.

பார்சல் வரும் நாளில் சார் தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு காலையிலேயே வாசலில் நிற்பார். மற்ற நாளெல்லாம் பனியன்தான். கூரியர்காரர் நீட்டும் பெட்டியைக் காதோரம் வைத்துத் தட்டுவார்.

"குண்டா சார் வச்சிருக்கோம்? கையெழுத்துப் போடுங்க, நான் வேப்பூர் வரைக்கும் போவணும்."

"போவலாம், உக்காருப்பா. டீ கொதிக்குது."

டெல்லியிலிருந்து பீங்கான் தீனிக் கிண்ணம் வந்ததுதான் உச்சம். பீங்கான் ஊரில் இருந்துகொண்டு பீங்கான் வாங்கியதே தெருவுக்குப் போதும். அதை என் வீட்டுக்காரர் கவிழ்த்துப் பார்த்தார். அவரும் அதே கம்பெனிதான். அடியில் இருந்த குறியைப் பார்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தார்.

"சார், இது நம்ம சூளையில வெந்த சட்னி கிண்ணம் சார்! அடுத்த தெருவுல இருக்கிறத டெல்லி வழியா வாங்குன ஆளு நீங்க ஒருத்தர்தான்."

சார் சளைக்கவில்லை. ஒரு தட்டுத் தட்டினார். டிங்.

"அதான பாத்தேன். இத நான்தான் பாஸ் பண்ணிருப்பேன்."

அன்றிலிருந்து அந்த 'டிங்' கேட்டால் லட்டுவும் பூந்தியும் விசிலடித்துக்கொண்டு ஓடிவரும்.

பிறகு ஒருநாள் லட்டு செத்துப்போனது. பூந்தி புல்லைத் தொடவில்லை. சார் கிண்ணத்தைத் தட்டித் தட்டி ஓய்ந்தார். கால்நடை ஆஸ்பத்திரியில், "நான் மாட்டு டாக்டருங்க, உடம்புல ஒண்ணும் இல்ல, துணை இல்லாம ஏங்குது" என்று அனுப்பிவிட்டார். சார் உடனே ஒரு சின்னக் கண்ணாடியை ஆன்லைனில் வரவழைத்தார். பூந்தி அதில் தன்னைப் பார்த்தது. பிறகு கண்ணாடிக்குப் பின்னால் போய் லட்டுவைத் தேடியது. தேடிவிட்டு மூலையில் போய்ப் படுத்துக்கொண்டது.

"பாப்பா வந்து கேட்டா என்ன சொல்லுவேன்? ஒண்ணையாவது குடுக்கணும்ல?"

"ஒத்தையில யாரு சார் சாப்புடுவா?" என்று சொல்லிவிட்டுத்தான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அடுப்படியில் நின்றபடியே சட்டியிலிருந்து அள்ளிச் சாப்பிடுகிறவர் அவர்.

சார் விரலை மடக்கித் தன் நெஞ்சில் ஒரு தட்டுத் தட்டினார். தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"டொக்குன்னுதான் கேக்குது தங்கச்சி."

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆழத்துப் பிள்ளையாருக்கு ஒரு சிதறுதேங்காய் வேண்டிக்கொண்டேன். அன்று பொழுது சாய எங்கள் வீட்டுச் சோறு, குழம்பு, அப்பளம் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு சார் வீட்டுக்கே போய்விட்டோம். பூந்தியின் மூலைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து மூன்று பேரும் சாப்பிட்டோம். சார் கிண்ணத்தைத் தட்டினார். பூந்தி அசையவில்லை. என் வீட்டுக்காரர் அப்பளத்தை நொறுக்கினார். மூக்கு ஆடியது. கொஞ்ச நேரம் கழித்து அது மெல்ல ஊர்ந்து வந்து ஒரே ஒரு அருகம்புல்லை இழுத்தது.

சார் கையிலிருந்த சோறு வாய்க்குப் போகாமல் அந்தரத்தில் நின்றது. "யாரும் அசையாதீங்க" என்றார். அவர் கண்தான் அசைந்தது, நிறைந்து வழிந்தது. மறுநாள் கோயிலில் வேண்டுதல் தேங்காயையும் தட்டிப் பார்த்த பிறகுதான் உடைக்க விட்டார்.

அடுத்த லீவில் பேத்தி வந்தாள். "லட்டு எங்க தாத்தா?"

"சாமிகிட்டப் போயிட்டான்மா. பூந்திய வச்சிருக்கேன்."

அவள் அழுதாள். பிறகு தாத்தாவும் பூந்தியும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவதைப் பார்த்துவிட்டு அவள் அப்பாவிடம் கறாராகச் சொன்னாள்: "தாத்தா இல்லாம பூந்தி சாப்புடாதுப்பா. ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போவோம். அப்பார்ட்மென்டுல கேட்டா, தாத்தாவோட வந்த விருந்தாளின்னு சொல்லிக்கலாம்."

தேய்த்த சட்டையோடு, மடியில் கூடையோடு, சார் சென்னைக்குப் போனார். கிண்ணமும் போனது.

சில வாரம் கழித்துக் கூரியர்காரர் எங்கள் வாசலில் வந்து நின்றார். பெட்டிக்குள் அதே மாதிரி இன்னொரு கிண்ணம். அடியில் அதே குறி. டெல்லி வழியாகத்தான் வந்திருந்தது.

அதில்தான் இன்றும் பிள்ளையாருக்கு அருகம்புல் வைக்கிறேன். வைக்கும் முன் ஒரு தட்டுத் தட்டுவேன். பக்கத்து வீடு காலியாக இருப்பதால் சத்தம் கொஞ்சம் கூடுதலாகவே கேட்கிறது.