மூன்றாவது கோடையிலும் வாங்கப்போகிறவர்

வாங்குகிறவர்கள் ஒரு ரகம், வாங்காதவர்கள் ஒரு ரகம். இரண்டுக்கும் நடுவே மூன்றாவது ரகம் ஒன்று உண்டு. வாயைத் திறந்தால் "இன்னும் கொஞ்சம் விசாரிச்சிட்டு" என்பார். பார்த்திருப்பீர்கள். அவர்தான் வாங்கப்போகிறவர்.

அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில், ராபிட் சிட்டிக்காரர் வெர்லின் ஹால்வர்சன் இந்த ரகத்தில் தங்கம். சாலைத் துறையில் முப்பது வருஷம் உழைத்து ஓய்வு பெற்றவர். காலை மடக்கி மோட்டார் சைக்கிள் ஓட்டினால் இருபதாவது மைலில் முட்டி கதறும். வைத்தியம் சுலபம். கால்மிதி, கியர், பிரேக் மூன்றையும் முன்னால் தள்ளி வைக்கிற செட் ஒன்றை மாட்டினால், சாய்வு நாற்காலியில் கிடப்பதுபோல் காலை நீட்டிக்கொண்டு போகலாம். வண்டிக் கம்பெனியே அந்தச் செட்டை விற்கிறது. வெளியாட்களும் செய்து விற்கிறார்கள். எதை வாங்குவது?

இந்தக் கேள்விக்கே இரண்டு கோடை போயிற்று. கம்பெனி செட் அச்சாகப் பொருந்தும், ஆனால் வைத்தது வைத்த இடம்தான். வெளி செட்டை மூன்று துளைகளில் முன்பின் நகர்த்தலாம், ஆனால் அதன் முலாம் எத்தனை பனிக்காலம் தாங்கும், அதிர்வில் போல்ட் கழலுமா, கழன்றால் இடது பக்கமா வலது பக்கமா என்று காலையில் ஊர் ஓட்டலில் பான்கேக் தின்ன வந்தவர்களையெல்லாம் பிடித்து உட்காரவைத்துக் கேட்டார். பாதிரியாரையும் விடவில்லை. பாதிரியாரிடம் இருப்பது வேன். வண்டியோ கராஜில் தார்ப்பாய்க்குள் தூங்கியது. மாண்டானாவில் இருக்கும் தன் தங்கையைப் பார்க்க அந்த வண்டியில்தான் போவதென்று மனைவி மார்லிஸ் இரண்டு வருஷமாகக் காத்திருந்தாள்.

மூன்றாவது ஜூனில் வண்டியையும் கணவரையும் பிக்கப்பில் ஏற்றி, மெக்கானிக் லாய்டின் கடையில் இறக்கினாள்.

"ரெண்டுல எது நல்லதுன்னு நீயே சொல்லு, லாய்ட்," என்றார் வெர்லின்.

"அது இருக்கட்டும். இந்த மாதிரி மாட்டின வண்டில என்னிக்காவது உக்காந்து பாத்திருக்கியா?"

"படிச்சிருக்கேன்."

கம்பெனி செட் மாட்டிய ஒரு வண்டியைக் காட்டினார் லாய்ட். வெர்லின் ஏறினார். காலை நீட்டினார். இன்னும் நீட்டினார். சலூன் நாற்காலியில் உட்காரவைத்த குழந்தைக்குப்போல் இரண்டு காலும் தொங்கின. வெளி செட் மாட்டிய வண்டியில், ஆகக் கிட்டத்துத் துளையிலும், கட்டைவிரல் நுனிதான் தொட்டது.

"உன் காலுக்கு ரெண்டுமே ஆகாது," என்றார் லாய்ட்.

வெர்லினுக்குக் காது சிவந்தது. மார்லிஸ் அவரைவிட ஒரு சாண் உயரம். "எறங்கு, நான் பாக்கறேன்," என்று இரண்டு வண்டியிலும் ஏறினாள். பாதம் இரண்டும் அளவெடுத்ததுபோல் போய் உட்கார்ந்தன.

"உனக்குத்தான் மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரியாதே," என்றார் வெர்லின்.

"போன வருஷமே லைசென்ஸ் எடுத்தாச்சு."

"எப்ப?"

"நீ முலாமைப் பத்திப் படிச்சிட்டிருந்தப்ப." லாய்ட் பக்கம் திரும்பினாள். "இன்னிக்கே எதை மாட்டலாம்?"

"கம்பெனி செட். அலமாரில இருக்கு."

"அதையே மாட்டு."

ஞாயிற்றுக்கிழமை கிளம்பினார்கள். அவள் முன்னால், அவர் பின்னால். முட்டி வலித்ததா? வலித்தது. ஆனால் புல்வெளிக் காற்று முகத்தில் அடிக்க, அவள் தோளைப் பிடித்துக்கொண்டு போனவருக்கு, மாண்டானா எல்லையில்தான் அது நினைவுக்கே வந்தது. அங்கே பெட்ரோல் போட நிறுத்தியபோது, பக்கத்து வண்டியின் பின்சீட்டுச் சாய்மானத்தைத் தட்டிப் பார்த்து, "இது கம்பெனியா, வெளியா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

இப்படியும் ஒரு மனிதரா என்று சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். போன தீபாவளிக்கு முன்னால் நாலு கடை ஏறி இறங்கி, மோட்டார் எத்தனை வாட்ஸ், ஜார் எந்த எஃகு என்றெல்லாம் விசாரித்தீர்களே ஒரு மிக்ஸி, அதில் இன்று என்ன சட்னி?