ஸ்பீக்கர் சிஸ்டரும் சிவப்பு அட்டையும்

ரகசியம் என்ற சொல்லே காதில் விழாமல் வளர்ந்த மனுஷி இந்த பெங்களூரில் ஒருவர்தான் இருக்க முடியும். பொம்மசந்திராவில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையில், ஃபர்ஸ்ட் எய்ட் ரூம் நர்ஸாக இருந்தவர். சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. ஸ்பீக்கர் சிஸ்டர் என்றால் செக்யூரிட்டி முதல் மேனேஜர் வரை தெரியும். போனைக் காதில் வைத்துப் பேசினால் மூளை சூடாகிவிடும் என்று நம்பியதால் யார் கூப்பிட்டாலும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். போன் இல்லாதபோதும் அதே சத்தம்தான்.

ஒரு கொடியேற்றத்தன்று மேனேஜர் கயிற்றை இழுக்கிறார், பூ கொட்டுகிறது, நாங்கள் எல்லோரும் விறைப்பாக நிற்கிறோம். பின்னாலிருந்து சிஸ்டர், "சார், மூலம் இப்ப பரவால்லியா? மருந்து தடவுனீங்களா?" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த மனுஷன் தேசிய கீதம் முடிந்தும் கொடியை விட்டுக் கண்ணை இறக்கவில்லை.

இப்படிப்பட்டவரிடம் நானாகப் போகவில்லை ஐயா, மாட்டிக்கொண்டேன்.

நான் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் ஆகப்போகிற சமயம். வெள்ளிக்கிழமை, பர்மனென்ட் ஆகிறவர்களின் லிஸ்ட் ஒட்டுவார்கள். அதற்குள் ஒரு நாள் லீவு போட்டாலும் பெயர் அடிபடும் என்று பேச்சு. அப்பாவுக்கு வேலை போயிருந்தது, வீட்டில் என் சம்பளம் ஒன்றுதான். அந்த வாரம் பார்த்தா எனக்கு நீர்க்கடுப்பு வரவேண்டும்? போனால் உயிர் போகிற எரிச்சல். வேலைக்கு வந்து உட்கார்ந்தால் மறுபடியும் போகவேண்டும் போலிருக்கும். ஆஸ்பத்திரிக்குப் போனால் க்யூவிலேயே ஒரு நாள் போய்விடும். பக்கத்து சீட் கலா, போன வருஷம் தனக்கு வந்தபோது மிச்சமான மூன்று மாத்திரையைக் கைக்குள் திணித்தாள்.

வாயில் போடப்போன நேரம் பார்த்து என் மணிக்கட்டை யாரோ பிடித்தார்கள். வேறு யார்?

"இன்னாடி இது?"

"தலைவலி மாத்திரை, சிஸ்டர்."

ஸ்ட்ரிப்பைத் திருப்பிப் பார்த்தார். "தலைவலிக்கு இதையா போடுவாங்க? உனக்குத் தலை கீழயா இருக்குது?"

அசெம்பிளி லைனே திரும்பியது. கலா குனிந்து, இல்லாத ஸ்க்ரூவைத் தேட ஆரம்பித்தாள். சிஸ்டர் விடவில்லை. "அவளோட மிச்சமா? மிச்ச சாம்பாராடி இது, ஆளுக்கு ஒரு கரண்டி ஊத்திக்க? அரைகுறையா போட்டா கிருமி சாவாது. ஜிம்முக்குப் போய் வந்தவனாட்டம் நெஞ்சை நிமித்திக்கினு நிக்கும்!"

என்னை ஃபர்ஸ்ட் எய்ட் ரூமுக்கு இழுத்துப் போனார். அந்த ரூமுக்குச் சுவர் வெறும் பிளைவுட். அந்தப் பக்கம் சூப்பர்வைசர்கள் டீ குடிக்கும் இடம். கம்பெனி லேடி டாக்டர் வாரத்தில் ஒரு நாள்தான் வருவார், மற்ற நாளெல்லாம் போனில். சிஸ்டர் நம்பரை அழுத்தினார். ஸ்பீக்கரில்தான்.

"காய்ச்சல், குளிர் இருக்கா? முதுகுப் பக்கம் வலி? வாந்தி? ரத்தம்?" என்று டாக்டர் கேட்டார். நான் இல்லை என்று முனகினேன். கர்ப்பமா என்றார். இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

"ரத்தம் இல்லியாம் டாக்டர்! கர்ப்பமும் இல்லியாம்! இன்னும் கல்யாணமே ஆகல, வரன் பாத்துனு இருக்காங்க!"

பிளைவுட்டுக்கு அந்தப் பக்கம் டீ உறிஞ்சும் சத்தம் நின்றுவிட்டது. ஐயோ, பூமி பிளந்திருந்தால் உள்ளே போயிருப்பேன்!

டாக்டர் கடைசியாகக் கேட்டார்: "டியூட்டி நேரத்துல எத்தனை தடவை பாத்ரூம் போறே?"

"போறதில்ல டாக்டர்."

"ஒரு தடவை கூடவா?"

எங்கள் லைனில் நாற்பது பெண்கள். பாத்ரூம் போக இருந்தது ஒரே ஒரு சிவப்பு அட்டை. அதை எடுக்கும்போதெல்லாம் சூப்பர்வைசர் பெயரையும் நேரத்தையும் நோட்டில் எழுதுவார். பர்மனென்ட் ஆகாதவர்கள் அந்த நோட்டுக்குப் பயந்து காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை. இதை அழுதுகொண்டே சொல்லி முடித்தேன். சிஸ்டர் ஒன்றும் பேசவில்லை. அவர் பேசாமல் இருந்ததைப் பார்த்து எனக்கு நோயை விடப் பயமாகிவிட்டது.

டாக்டர் மருந்துச் சீட்டைப் போனுக்கே அனுப்பினார். முதலில் யூரின் டெஸ்டுக்குக் கொடு, மாத்திரையை முழுசாகப் போடு, காய்ச்சல் வந்தாலோ ரெண்டு நாளில் குறையாவிட்டாலோ கண்டிப்பாக நேரில் வா என்றார். டெஸ்டுக்குச் சாம்பிள் வாங்கிக்கொண்டு, சிஸ்டரே கேட் பக்கத்து மெடிக்கலுக்குப் போய் மாத்திரை வாங்கி வந்து, முதல் மாத்திரையை விழுங்கவைத்தார். அதோடு விட்டிருந்தால் அவர் ஸ்பீக்கர் சிஸ்டரா?

பேண்டேஜ் வெட்டும் கத்திரிக்கோலோடு நேராக எங்கள் லைனுக்குப் போனார். சூப்பர்வைசர் மேஜையில் தொங்கிய சிவப்பு அட்டையை எடுத்தார். சரக், சரக், சரக். நாலு துண்டு.

"ஏனு சிஸ்டர் இது!" என்று கன்னடத்தில் அலறினார் சூப்பர்வைசர்.

"நோட்டை எடு. நான்தான் வெட்டினேன்னு எழுது. நேரத்தையும் எழுது. மூணு மாசத்துல எட்டுப் பொண்ணு இதே எரிச்சலோட எங்கிட்ட வந்துக்கிறா. நானும் முட்டாளாட்டம் எட்டுப் பேருக்கும் மாத்திரை வாங்கிக் குடுத்தேன்!"

நாற்பது பேரும் வாயைப் பிளந்து நின்றோம். நானோ, இந்தம்மா என் பெயரைச் சொல்லாமலே என் வேலைக்கு உலை வைத்துவிட்டாரே என்று மனதுக்குள் அவரைத் திட்டித் தீர்த்தேன். அந்தப் பாவம் இன்னும் என்னை விடவில்லை.

இரண்டு நாளில் எரிச்சல் போய்விட்டது. வெள்ளிக்கிழமை லிஸ்டில் என் பெயர் இருந்தது. புது அட்டையை யாரும் செய்யவில்லை. திங்கட்கிழமை ஸ்வீட்டோடு ஃபர்ஸ்ட் எய்ட் ரூமுக்குப் போனால் வேறொரு நர்ஸ் உட்கார்ந்திருந்தார். சிஸ்டர் கான்ட்ராக்ட் ஆளாம், சனிக்கிழமையே கணக்கை முடித்து அனுப்பிவிட்டார்களாம். ஸ்வீட் டப்பாவோடு அப்படியே நின்றேன்.

அடுகோடியில் ஒரு சின்ன கிளினிக்கில் இருக்கிறார் என்று போன மாதம்தான் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை போனேன். பெஞ்சில் பத்துப் பேர் இருந்தார்கள்.

"இன்னாடி! மறுபடியும் எரிச்சலா?" பத்துப் பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஒன்னும் இல்ல, சிஸ்டர்."

"ஒன்னும் இல்லாமலா ரெண்டு பஸ் மாறி வந்தே?"

"உங்களப் பாக்கணும்னு தோணுச்சு" என்றேன், அவர் குரலுக்குச் சமமாக. அத்தனை பேர் முன்னால் அதைச் சொல்ல எனக்குக் கொஞ்சமும் வெட்கமாக இல்லை.