பத்தொன்பது பொட்டு வைத்த வண்டி

ஒரு காட்டில் முதலில் தார்ச்சாலை வந்தது. சாலை வந்த மறுவாரம் அதற்கு ஓர் அலுவலகம் வந்தது. அலுவலகம் என்றால் புளியமரத்தடியில் ஒரு தகரக் கொட்டகை, அதற்கு இரண்டு ஜன்னல், உள்ளே ஒரு கொக்கு. ஒன்றாம் ஜன்னலில் கொக்கு இடது காலில் நிற்கும். இரண்டாம் ஜன்னலில் வலது காலில் நிற்கும். இரண்டும் ஒரே கொக்குதான். ஆனால் ஒன்றாம் ஜன்னலில் சொன்னதை இரண்டாம் ஜன்னலில் போய்க் கேட்டால், "அது அந்த ஜன்னல்" என்று சொல்லிவிடும்.

அந்தக் காட்டில் ராக்கியப்பன் என்று ஒரு காட்டுப்பன்றி இருந்தது. அதனிடம் அறுபத்தெட்டாம் வருஷத்து மோட்டார் சைக்கிள் ஒன்று இருந்தது. டவுன் தெருவில் ஓட்டுவதற்கென்றே செய்த வண்டி. உருண்டை ஹெட்லைட்டு, முகம் பார்க்கிற மாதிரி டேங்க், பின்னால் உட்காருகிறவர்களின் முந்தானை சக்கரத்தில் சிக்காமல் இருக்க ஒரு சேலை கார்டு, பெஞ்சு போல நீளமான சீட்டு. அந்தச் சீட்டுதான் முக்கியம். இப்போது வருகிற வண்டிகளில் ஒரு காட்டுப்பன்றியின் பாதிதான் உட்கார முடியும். ராக்கியப்பன் மூன்று புது வண்டிகளில் ஏறிப் பார்த்தது. மூன்று முறையும் மன்னிப்புக் கேட்டுவிட்டு இறங்கியது. செவ்வாய்க்கிழமை தோறும் மனைவி பாவாத்தாளைப் பின்னால் ஒரு பக்கமாக உட்காரவைத்துச் சந்தைக்குப் போய்வர அதற்கு இந்த ஒரு வண்டிதான் இருந்தது.

ஒரு நாள் சுற்றறிக்கை வந்தது. நாற்பது வயதைத் தாண்டிய வண்டிகளை எல்லாம் மாதக் கடைசிக்குள் யானையிடம் ஒப்படைக்க வேண்டும். யானை அவற்றின் மேல் உட்காரும். சுற்றறிக்கை அவ்வளவுதான்.

ராக்கியப்பன் போய் வரிசையில் நின்றது. முன்னால் ஓர் ஆமை, முகவரி மாற்றத்துக்காக நின்றுகொண்டிருந்தது. ஆமை வீட்டோடு வந்திருந்ததால் வரிசை நகர நகர அதன் முகவரியும் நகர்ந்தது. அடிக்கு ஒரு படிவம் வாங்கி முடித்து அது விலகியபோது மத்தியானம் ஆகிவிட்டது.

"ஏனுங்கய்யா, எம் வண்டி நல்லா ஓடுதுங்க. அதும்மேல எதுக்குங்க யானை உக்காரோணும்?"

"ஓடாத வண்டின்னா யானை எதுக்கு? அது தானாவே உக்காந்திருக்குமே," என்றது கொக்கு. "விலக்கு ஒண்ணு இருக்கு. பந்தய வண்டிக்கு வயசு பார்க்கறதில்ல. வர்ற சனி, ஞாயிறு காட்டு ராலி. ரெண்டு நாளும் ஓட்டி, ஞாயித்துக்கிழமை பொழுது சாயறதுக்குள்ள கடைசிக் கோட்டைத் தாண்டிட்டா, பந்தய வண்டின்னு சான்றிதழ் தருவோம். ஆனா தெருவுல ஓட்டற வண்டிய அப்படியே கொண்டாந்தா சேர்த்துக்க மாட்டோம். மாத்தம் செஞ்சிருக்கணும். மீதிய அடுத்த ஜன்னல்ல கேளு."

ராக்கியப்பன் அடுத்த ஜன்னலுக்குப் போனது. கொக்கும் உள்பக்கமாக நடந்துவந்து காலை மாற்றிக்கொண்டது.

"மாத்தம் செஞ்ச வண்டி பழைய வண்டி ஆகாது. ஆர்.சி. புக்ல இருக்கறபடியே இருக்கணும்."

"மாத்தணும்னு இப்பத்தானுங்களே சொன்னீங்க?"

"அது அந்த ஜன்னல்."

அந்தக் காட்டின் மெக்கானிக் ஓர் அழுங்கு. பெயர் அங்காயி. உடம்பெல்லாம் செதில். பயம் வந்தால் பந்தாகச் சுருண்டுகொள்ளும். 'வண்டி எப்ப ரெடியாகும்' என்று யாராவது கேட்டாலும் சுருண்டுகொள்ளும். மற்றபடி நல்ல கை.

அங்காயி ஆர்.சி. புக்கை மூன்று தடவை படித்தது. "தம்பி, இதுல எழுதியிருக்கறதத் தொட வேண்டாம். எழுதாதத எல்லாம் மாத்திப்புடலாம்," என்றது.

இன்ஜின், சேஸிஸ், நிறம், சேலை கார்டு ஆகியவை புக்கில் இருந்தன. டயரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எனவே பல் பல்லாகப் புடைத்த மண் டயர் வந்தது. சைலன்சர் தரையை விட்டுச் சீட்டு உயரத்துக்கு ஏறியது. முன்சக்கரத்துக்குப் பெரிய ஷாக் அப்சார்பர், இன்ஜினுக்கு அடியில் பாறை இடிக்காமல் இருக்க ஓர் இரும்புத் தகடு. வெள்ளிக்கிழமைக்குள் வண்டி, கல்யாண வீட்டில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சண்டைக்கு நிற்கிற மாமனார் மாதிரி ஆகிவிட்டது.

"இந்தச் சேலை கார்டுதான் பாறைல மாட்டும். ராலில எவ சேலை கட்டிக்கிட்டு வரப்போறா?"

"புக்குல இருக்குதுங்க்கா. அதும்போக, அதக் கழட்டிட்டா பாவாத்தா காலை எங்க வெப்பா?"

"அவளும் ராலிக்கு வர்றாளா?"

"ராலி முடிஞ்சா செவ்வாக்கெழம வருமில்லீங்க்கா," என்றது ராக்கியப்பன்.

சனிக்கிழமை காலை. கொக்கு ஒரு மஞ்சள் பெயிண்ட் டப்பாவோடு வந்தது. ராலி வழக்கப்படி இன்ஜினில் ஒன்று, சேஸிஸில் ஒன்று, டேங்கில் ஒன்று என மூன்று பொட்டு வைத்தது. பொட்டு வைத்த பாகத்தை வழியில் மாற்றக் கூடாது. மாற்றினால் அது வேறு வண்டி. வைத்துவிட்டு, படிவம் எடுத்துவரக் கொட்டகைக்குள் போனது.

அந்த நேரம் பார்த்து பாவாத்தாள் கிண்ணத்தில் சந்தனத்தோடு வந்தது. வண்டியைப் பார்த்தது. "அசலூர் போற வண்டிய இப்படி மூளியாவா அனுப்புவாங்க? மூணே மூணு வெச்சிருக்குது, கஞ்சப் பொறப்பு," என்று சொல்லி, இரண்டு சக்கரம், சங்கிலி, ஹெட்லைட்டு, சேலை கார்டு, ஸ்பார்க் பிளக் வரைக்கும் விரல் எட்டின இடமெல்லாம் பொட்டு வைத்தது. டயருக்கு அடியில் ஒரு எலுமிச்சம்பழமும் வைத்தது.

கொக்கு படிவத்தோடு வந்து எண்ணியது. பத்தொன்பது இருந்தது.

"நான் மூணுதான் வெச்சேன்."

"மீதி நானுங்க. சந்தனமுங்க," என்றது பாவாத்தாள் பெருமையாக.

கொக்கு கழுத்தை நீட்டி முகர்ந்து பார்த்தது. "சந்தனமா பெயிண்டான்னு எழுத படிவத்துல கட்டம் இல்ல. எத்தனைன்னு எழுதத்தான் கட்டம் இருக்கு." பத்தொன்பது பாகத்தின் பெயரையும் ஒன்றுவிடாமல் எழுதிக்கொண்டது. "இதுல எது மாறினாலும் நேரா யானைதான்."

அங்காயி சுருண்டுகொண்டது. சுருண்ட நிலையிலேயே அதைத் தூக்கிப் பின்சீட்டில் வைத்துக்கொண்டு ராக்கியப்பன் கிளம்பியது. கொண்டுவந்த மாற்றுச் சக்கரம் சேலை கார்டில் சும்மா தொங்கியது.

முதல் நாள் மோசமில்லை. அங்காயியின் வேலை பின்னால் உட்கார்ந்து வழித்தாளை வாசிப்பது. இறக்கம் வந்தால் அது பயந்து சுருளும். சுருண்டால் விழும். விழுந்தால் உருளும். வண்டிக்கு முன்னால் அடிவாரத்துக்குப் போய்ச் சேர்ந்து, எழுந்து மண்ணைத் தட்டிவிட்டு, "அடுத்தது சோத்தாங்கைப் பக்கம் தம்பி," என்று வாசித்துச் சொல்லும். இப்படியே ஏழு மலை இறங்கினார்கள். சாயங்காலம் கொக்கு பத்தொன்பதையும் சரிபார்த்தது. சந்தனம் ஓடைத் தண்ணீரில் கரைந்துபோயிருந்தது. படிவத்தில் கரையவில்லை.

இரண்டாம் நாள் முதல் கண்டம் கருவேலங்காட்டில் வந்தது. பின்டயரில் நாலு முள். டியூப் ஒட்டுப்போடுகிற நிலையில் இல்லை. சக்கரத்தை மாற்ற முடியாது. அங்காயி டயரின் ஓரத்தை நெம்பி, டியூபை உருவிப் போட்டுவிட்டு, "கோரைப்புல்லு பிடுங்கித் திணி தம்பி, காத்து மாதிரி தாங்கும்," என்றது. காட்டுப்பன்றிக்குக் கோரைக் கிழங்கு என்றால் உயிர். நான்கு பிடி திணித்தால் ஒரு பிடி வாய்க்குப் போனது. அங்காயி அதன் தலையில் ஒன்று போட்ட பிறகு ஐந்து பிடியும் டயருக்குப் போனது.

அடுத்து சங்கிலியின் லாக் தெறித்துப் பள்ளத்தில் விழுந்தது. சங்கிலிக்கும் பொட்டு. புதுச் சங்கிலி பையில் இருந்தும் பிரயோஜனமில்லை. அங்காயி கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு தன் வாலிலிருந்து ஒரு செதிலைப் பிடுங்கி, கல்லில் தேய்த்து, லாக்குக்குப் பதிலாக மாட்டியது.

"வலிச்சுதுங்களாக்கா?"

"வண்டிய எடுறா."

பொழுது மலைக்கு மேல் ஒரு பனைமர உயரத்தில் இருந்தபோது ஓர் ஓடைக்கரையில் ரித்திக்கைப் பார்த்தார்கள். ரித்திக் இளம் உடும்பு. வெளிநாட்டு ராலி வண்டி வைத்திருந்தது. அந்த வண்டி வழி சொல்லும், பாட்டுப் பாடும், டயரில் எவ்வளவு காற்று என்று திரையில் காட்டும். இப்போது நடு ஓடையில் நின்றுகொண்டு, அப்டேட் வேண்டும் என்று மட்டும் காட்டிக்கொண்டிருந்தது.

"அண்ணா, சிக்னல் இல்லண்ணா. மூணு மரம் ஏறிட்டேன். கொஞ்சம் இழுத்து விடுங்கண்ணா."

"வேண்டாம் தம்பி, பொழுது போயிரும்," என்று அங்காயி ராக்கியப்பனின் காதில் சொன்னது.

ராக்கியப்பன் பொழுதைப் பார்த்தது. உடும்பைப் பார்த்தது. கயிற்றை எடுத்து ஒரு முனையைச் சேலை கார்டிலும் மறுமுனையை ரித்திக்கின் வண்டியிலும் கட்டியது.

இந்த இடத்தில் கதை கேட்கிறவர்கள் எல்லாம் நிமிர்ந்து உட்காருவார்கள். உதவி செய்தவனுக்கு நல்லது நடக்கும் என்று நினைப்பார்கள். நடந்தது என்னவென்றால், கடைசி மேட்டில் ஏறியபோது சிக்னல் கிடைத்துவிட்டது. ரித்திக்கின் வண்டி அப்டேட் ஆனது, பாட்டுப் பாடியது, சீறிக் கிளம்பி ராக்கியப்பனைத் தாண்டிப் போனது. கயிற்றை யாரும் அவிழ்க்கவில்லை. பழைய வண்டி சட்டென்று திரும்பி, பின்பக்கம் முன்னாகக் கோரைப்புல்லைக் கக்கிக்கொண்டே போனது. ராக்கியப்பன் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு, தான் வந்த வழியையே பார்த்தபடி கடைசிக் கோட்டைத் தாண்டியது. அப்போது சூரியன் நகக்கண் அளவு மிச்சம் இருந்தது.

கொக்கு விதிப்புத்தகத்தைப் புரட்டியது. "கோட்டைத் தாண்டணும்னு இருக்கு. எந்தப் பக்கம் பார்த்துத் தாண்டணும்னு இல்ல." பத்தொன்பதையும் எண்ணியது. சங்கிலி அதே சங்கிலி. டயர் அதே டயர். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்கக் கட்டம் இல்லை.

ஒரு கோப்பை ரித்திக்குக் கொடுக்கப்பட்டது. ஓடாத பழைய வண்டி ஒன்றைக் கோடுவரை இழுத்துவந்த உதவும் உள்ளத்துக்காக.

ராக்கியப்பனுக்குச் சான்றிதழ் கிடைத்தது. கோட்டருகே காத்திருந்த யானை எழுந்து வீட்டுக்குப் போய்விட்டது. பாவாத்தாள் சான்றிதழை வாங்கி, கண்ணில் ஒற்றிக்கொண்டு, பிறகு படித்தது.

"ஏனுங்க, நாலாவது நிபந்தனை என்னமோ போட்டிருக்குதே?"

"பந்தய வண்டி தார்ச்சாலையில ஓடக் கூடாது," என்றது கொக்கு. "பந்தயத்துல மட்டும் ஓடலாம்."

ராக்கியப்பன் வண்டியின் சீட்டைத் தடவிக்கொடுத்தது. "அப்ப சந்தைக்கு எப்படிங்கய்யா போறது?"

"சந்தைக்குப் போகக் கூடாது."

"பந்தயம் சந்தைக்குப் போலாமுங்களா?" என்று கேட்டது பாவாத்தாள்.

கொக்கு ஒன்றாம் ஜன்னலுக்குப் போய் யோசித்தது. இரண்டாம் ஜன்னலுக்குப் போய் யோசித்தது. இரண்டு ஜன்னலும் ஒரே பதிலைச் சொன்னது அந்த ஒரு நாள்தான். அதற்கு ஒரு படிவம் இருந்தது.

அன்று முதல் செவ்வாய்க்கிழமை தோறும் அந்தக் காட்டில் ஒரு ராலி நடக்கிறது. தொடக்கம் ராக்கியப்பன் வீட்டுப் புதர். முடிவு சந்தை. வழி இரண்டு ஓடை, ஒரு கரடு, கொஞ்சம் சேறு. கலந்துகொள்கிறவர் ஒருவர். பின்சீட்டில் பாவாத்தாள் ஹெல்மெட் போட்டு, சேலை கார்டில் காலை வைத்து, மடியில் கூடையோடு ஒரு பக்கமாக உட்கார்ந்திருக்கும். கொக்கு கொடி அசைக்கும்.

போன வாரம் முடிவுப் பலகையைப் பார்த்துவிட்டு ராக்கியப்பன் கொட்டகைக்குப் போனது.

"தனியாத்தானுங்களே ஓட்டுனேன். ரெண்டாம் எடம்னு போட்டிருக்குது?"

"வெங்காயக் கடையில இருபது நிமிஷம் நின்னே. அபராத நேரம்."

"அப்ப மொத எடம் யாருங்க?"

"காலியா இருக்கு," என்றது கொக்கு. "விண்ணப்பிக்கலாம்."

நீதி: சந்தைக்குப் போக அனுமதி கேட்காதீர்கள், பந்தயத்துக்குக் கேளுங்கள். தோற்றாலும் வெங்காயம் வீட்டுக்கு வந்துவிடும்.