சான்றளிக்கப்பட்ட போலி

ஆரியசாலைக் கடைத்தெருவில் பெருங்காயம் விற்கும் சிவதாணு மூக்கை நம்பி வாழ்ந்தவர். சரக்கு மூட்டை எந்த ஊரிலிருந்து வந்தாலும், யார் கொடுத்தனுப்பினாலும், வாயைப் பிரித்து உள்ளே தலையை விட்டு ஒரு மூச்சு இழுத்த பிறகுதான் இறக்கச் சொல்வார். அவர் வாடிக்கைக்காரர்களும் அப்படித்தான். கோட்டைப் பக்கத்து அக்ரஹாரத்திலிருந்து வரும் வாலாம்பாள் மாமி, கடை திறந்த நாள் முதல் அவரிடம் வாங்குகிறவள், இன்றைக்கும் டப்பாவைத் திறந்து மோந்து பார்த்துவிட்டுத்தான் பையில் போடுவாள். இதில் யாரும் யாரையும் தப்பாக நினைத்ததில்லை.

இப்படியிருக்க, மகள் ஷிஜி கடைக்கு ஓர் இணையதளம் போட்டாள். இணையத்தில் வாசனை வராது. அதனால்தான் உலகம் பூட்டைக் கண்டுபிடித்திருக்கிறது. தளத்தின் முகவரிக்குப் பக்கத்தில் ஒரு குட்டிப் பூட்டுப் படம். அது தெரிய வேண்டுமானால் ஒரு பாதுகாப்புச் சான்றிதழ் வேண்டும். எங்கோ ஒரு வெளிநாட்டு நிறுவனத்திடமிருந்து அதை ஷிஜி சும்மாவே, போட்ட காப்பி ஆறுவதற்குள் வாங்கிவிட்டாள்.

"அப்போ நம்ம சரக்கு நல்லதுன்னு அவனுக எழுதித் தந்துட்டானுகளா மக்ளே?"

"இல்லப்பா. இது நம்ம தளந்தான், இடையில யாரும் ஒட்டுக் கேக்கல, அத்தறதான் அது சொல்லும். நீங்க நல்லவரா கள்ளனான்னு அதுக்கு அறியாது."

இந்த நேரத்தில் சர்க்கார் மேலிடத்துக்கு ஒரு விசாரம் உண்டாயிற்று. ஆரியசாலை கிழக்கே இருக்கிறதா மேற்கே இருக்கிறதா என்று தெரியாத அந்நியர்கள், நம் ஊர்க் கடையை நம்பலாம் என்று சொல்வதாவது? கேள்வி நியாயமானது. விடையாக மின்வெளி நம்பிக்கை இயக்ககம் பிறந்தது. தம்பானூரில் ஒரு பழைய லாட்ஜின் இரண்டாம் மாடியில் அதற்கு இடம் கொடுத்தார்கள். 'பகல் பன்னிரண்டு மணிக்கு அறையைக் காலி செய்யவும்' என்ற பலகையை யாரும் கழற்றவில்லை. ஊழியர்கள் அதைச் சுற்றறிக்கையாகவே மதித்து நடந்தார்கள். இயக்ககத்தின் சான்றிதழ் இல்லாத தளம் எதுவும் மாதக் கடைசிக்கு மேல் திறக்காது என்று உத்தரவு வந்தது.

சிவதாணு இந்த உத்தரவைச் சபிக்கவில்லை. சந்தோஷப்பட்டார். ஏனென்றால் அந்த மாதம்தான் 'அசல் சிவதாணு பெருங்காயம்' என்று ஒரு கள்ளத் தளம் முளைத்திருந்தது. அதே கடை, அதே போர்டு, அதே சிவதாணுவின் முகம். டப்பாவுக்குள் மட்டும் மைதாவும் பசையும். ஏமாந்தவர்கள் எல்லாம் நிஜக் கடைக்குப் போன் போட்டு ஏசினார்கள். நாகர்கோவில்காரர் ஒருவர் அவருடைய பரம்பரை முழுவதையும் விசாரித்தார். பெயர் நாறிக்கொண்டிருந்த அந்த நேரத்தில், யார் அசல் என்று சர்க்காரே சொல்லப் போகிறது என்றால் வேறென்ன வேண்டும்?

விண்ணப்பப் படிவம் நில அளவைக் காரியாலயத்திலிருந்து இரவல் வாங்கியது. தளத்தின் நான்கு எல்லைகளைக் கேட்டிருந்தார்கள். ஷிஜி 'நாலு பக்கமும் விளம்பரம்' என்று எழுதினாள். அதில் ஆட்சேபணை எழவில்லை.

நம்பிக்கை அலுவலர் ஹரிஷங்கர் படிவத்தைப் படித்தார். பிறகு ஒரு ரிஜிஸ்டரைப் புரட்டினார்.

"இந்தப் பேர்ல ஏற்கெனவே ஒருத்தருக்குக் கொடுத்தாச்சே."

"அவன் கள்ளன் சார். அவனால தானே நான் ஓடி வந்திருக்கேன்."

"பேப்பர் எல்லாம் பர்ஃபெக்ட் ஆக்கும். ஆபீஸ் திறந்த அன்னிக்கே வந்தார். எல்லாத்துக்கும் மூணு காப்பி, அட்டெஸ்டேஷனோட. தங்கமான மனுஷன்."

"அதுல ஒட்டியிருக்க போட்டோ என் போட்டோல்லா சார்?"

ஹரிஷங்கர் படத்தைப் பார்த்தார். சிவதாணுவைப் பார்த்தார். "ஜாடை இருக்கு" என்று ஒப்புக்கொண்டார். பிறகு விளக்கினார். "விதி பதினொண்ணு. அசல் முன்னாடி வரும், போலி பின்னாடி வரும். இயற்கையே அப்படித்தானே? அவர் ஒண்ணாந்தேதி வந்தார். நீங்க பத்தொன்பதாந்தேதி வந்திருக்கேள்."

"கடை தொறந்தது தொண்ணூத்தொண்ணுல சார்."

"அப்போ இந்த இயக்ககம் இல்லையே."

சிவதாணு யோசித்துப் பார்த்தார். அதில் ஓட்டை எதுவும் தென்படவில்லை. அதனால் வேறு பக்கமாக வந்தார். "உங்க ஆபீஸ நம்பலாம்னு யாரு சார் சர்ட்டிபிகேட் தந்தது?"

"நாங்கதான்."

"உங்களுக்கு நீங்களேவா?"

"எங்களுக்கு மேல யார் இருக்கா? எங்கேயாவது ஓரிடத்துல நிறுத்தணுமோ இல்லையோ? அந்த வெளிநாட்டுக்காரனும் அப்படித்தான். உச்சியில இருக்கறவன் தனக்குத்தானே கையெழுத்துப் போட்டுப்பான்."

"அப்போ நானும் எனக்கு நானே போட்டுக்கிடலாம்லா?"

"உங்க கிட்ட சீல் இல்லையே."

சிவதாணுவின் முகம் விழுந்துவிட்டதைக் கண்டு அலுவலருக்கே மனம் இளகிற்று. அவர் கெட்டவர் இல்லை, விதி தெரிந்தவர், அவ்வளவுதான். "வழியே இல்லைன்னு நான் சொல்லலை. 'ஆ' பிரிவுன்னு ஒண்ணு இருக்கு. சான்றளிக்கப்பட்ட போலி. சான்றே இல்லாத போலிகள் ஊர்ல எத்தனை பேர்? நீங்க கௌரவமா இருக்கலாம்."

நீட்டிய உறுதிமொழித் தாளில் இப்படி இருந்தது: 'சிவதாணுவாகிய நான், சிவதாணு என்னும் அசலைப் பார்த்து உண்டாக்கப்பட்ட போலி என்பதை, சுயநினைவோடும் பிறர் தூண்டுதல் இன்றியும் இதனால் உறுதி கூறுகிறேன்.'

படித்துவிட்டு அவர் தாளை மேஜைமேல் திருப்பி வைத்தார். கலப்படக்காரன் என்று ஒருவன் விரல் நீட்டாமல் இத்தனை வருஷம் கடை நடத்தியவர். கையெழுத்துப் போடாமல் எழுந்து போய்விடலாம். போனால் முப்பதாந்தேதி தளம் மூடிவிடும். அப்புறம் உலகத்துக்குத் தெரியும் ஒரே சிவதாணு அந்த மைதா சிவதாணுதான். அவமானத்தோடு கையெழுத்துப் போட்டார்.

ஷிஜி சான்றிதழைத் தளத்தில் ஏற்றினாள். மேலே தட்டு அளவுக்குப் பச்சை முத்திரை. கீழே, கடுகைவிடச் சிறிய எழுத்தில், அவர் 'ஆ' பிரிவுப் போலி என்பது. சிவதாணு வெட்கப்பட்டு இரண்டு நாள் போனை எடுக்கவில்லை. மூன்றாம் நாள் எடுத்தபோது வாலாம்பாள் மாமி.

"இனிமே நான் வரலை சிவதாணு. ஆத்துல இருந்தே ஆர்டர் போட்டுட்டேன். நன்னா பச்சையா சீல் இருக்கே, அப்புறம் எதுக்கு வெயில்ல வந்து மோந்துண்டு நிக்கணும்?"

அவரால் பொறுக்க முடியவில்லை. "மாமி, அதுக்குக் கீழ என்ன எழுதியிருக்குன்னு வாசிச்சேளா? நான் போலின்னு எழுதியிருக்கு."

"யார் எழுதினா?"

"கவர்மெண்டு."

"கவர்மெண்டே எழுதிக் கொடுத்துடுத்தோன்னோ? அப்போ நம்பலாம்" என்றாள் மாமி.

மாமி மட்டும் இல்லை. அந்த மாதம் ஆர்டர் பொதிந்து கட்டி மாளவில்லை. பச்சை முத்திரை பார்த்தோம், அது போதும் என்று கொல்லத்திலிருந்தும் காசர்கோட்டிலிருந்தும் எழுதினார்கள். ஆரியசாலையில் மற்ற வியாபாரிகளும் 'ஆ' பிரிவுக்கு வரிசையில் நின்றார்கள். அசல் என்று நிரூபிக்க ஏழு தாள் வேண்டும். போலி என்று சொல்ல ஒரு கையெழுத்து போதும். சிவதாணு சான்றிதழைச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டினார். வெட்கம் எந்த வாரம் போயிற்று என்று அவருக்கே தெரியாது.

அடுத்த மாதம் ஒரு புதுத் தளத்தில் அவர் ஆர்டர் போட்டிருந்த சரக்கு வந்தது. சுமை தூக்கும் வீரபாண்டி முதல் மூட்டையை வாசலில் இறக்கி, வழக்கம்போல வாயைப் பிரிக்கப் போனான். மூட்டையில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. மேலே தட்டு அளவுக்குப் பச்சை முத்திரை. கீழே ஏதோ சின்ன எழுத்து.

"பிரிக்காண்டாம். உள்ள போடு" என்றார் சிவதாணு.

"அண்ணாச்சி, இந்தச் சரக்கத் தூக்குனா ரெண்டு நாளைக்கு என் பொஞ்சாதி பக்கத்துல வரமாட்டா. இன்னைக்கு ஒரு மணமும் இல்ல. மைதா மூட்டை தூக்குன மாதிரில்லா இருக்கு."

"சீல் இருக்குல்லா? கவர்மெண்ட விட ஒனக்குக் கூடுதல் தெரியுமோ?"

வீரபாண்டி வாயை மூடிக்கொண்டு பதினான்கு மூட்டையையும் உள்ளே போட்டான். சிவதாணு ஒவ்வொன்றிலும் முத்திரை இருக்கிறதா என்று மட்டும் கவனமாகப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். அன்றைக்கு அவருக்கு ஜலதோஷம்கூட இல்லை.