சம்பந்தி கோட்டுப் போட்ட படம் தெளிந்த கதை

மதிப்புக்கும் மரியாதைக்கும் உரிய சம்பந்தி அவர்களுக்கு,

உங்கள் தையல்காரச் சம்பந்தி பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் மனைவியும் தையல் இயந்திரமும் நலம். அங்கே உங்கள் நலத்தை விசாரிக்க எனக்கு வாயில்லை. மூன்று நாளாக நீங்கள் என் போனை எடுக்கவில்லை. "அப்பா, மாமா சரியா சாப்பிடக்கூட இல்ல, என்னைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கிறார்" என்று உங்கள் மருமகள் அழுகிறாள். பெற்ற மனம் கேட்குமா? நடந்ததை ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன்.

குடியிருப்போர் சங்கத்துக்குத் தலைவராகிவிட்டேன், நம் பிள்ளைகள் கல்யாணத்தில் கோட்டுப் போட்டு நின்ற என் படத்தைச் சங்கக் கூடத்தில் மாட்ட வேண்டும் என்று நீங்கள் கேட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை, ஏனென்றால் அந்தக் கோட்டு நான் தைத்தது. படம் என் கம்ப்யூட்டரில்தான் இருந்தது, ஆனால் பெரிய படமாம், பிரேம் போடுபவருக்கு மெயிலில் போகமாட்டேன் என்று அடம்பிடித்தது, சுருக்கினால் போகுமே என்று கட்டைவிரல் அளவுக்குச் சுருக்கி, சேமிக்கவா என்று அது கேட்டதற்கு ஆமாம் என்று தட்டி அனுப்பினேன். அசல் அதோடு அழிந்துபோனது எனக்குத் தெரியாது. பிரேம்காரர், "முகமெல்லாம் கட்டம் கட்டமா வருதுங்க, பிரேமுக்கு அகலமும் பத்தல" என்றார். அகலம் போதாவிட்டால் தையல்காரன் என்ன செய்வான்? பக்கத் தையலைப் பிரித்து விடுவான். நானும் படத்தின் இரண்டு பக்கத்தையும் பிடித்து இழுத்து அனுப்பிவிட்டேன். சங்கத்தில் படத்தைத் திறந்துவைக்கத் திரையை விலக்கியதும் உங்கள் செயலாளர், "தலைவரே, இது நீங்களா, உங்க வீட்டு பீரோவா?" என்றாராமே! கேட்டதும் எனக்கு உயிரே போய்விட்டது.

அசலும் போயிற்று, உறவும் போயிற்று என்று நேற்று, கல்யாணத்துக்குப் படம் எடுத்த ஸ்டூடியோக்காரரிடம் ஓடினேன். அவர்தான், நாம் 'லென்ஸ்' என்று கூப்பிடுவோமே. "சுருக்கும்போது பாதிப் புள்ளிய அது தூக்கிப் போட்டுடும்ணே. அப்புறம் எவ்வளவு இழுத்தாலும் திரும்பி வராது. அசலைத் தொடாம ஒரு காப்பி எடுத்து அதுல வேலை பாருங்க. இழுக்கணும்னா மூலையைப் பிடிச்சு இழுங்க, உயரமும் அகலமும் சேர்ந்தே போகும்" என்றார். வெட்டின துணி மறுபடி வளராதுங்க என்று நாற்பது வருடமாக வாடிக்கைக்காரர்களிடம் சொல்கிறவன் நான், எனக்கு இது தோன்றவில்லை பாருங்கள்! நல்ல வேளை, அவரிடம் அசல் பத்திரமாக இருந்தது. உங்களை இழுக்காமல், கல்யாண மேடையில் உங்களுக்குப் பின்னால் இருந்த திரைச்சீலையைக் கூடக் கொஞ்சம் சேர்த்து அகலத்தைச் சரிக்கட்டி, பெரிதாக அச்சடித்துக் கொடுத்தார். அப்பாடா! பீரோ போய் நீங்கள் வந்துவிட்டீர்கள். மீசையில் ஒவ்வொரு முடியும் தனியாகத் தெரிகிறது, கோட்டின் தையல்கூடத் தெரிகிறது. நேற்றுத்தான் நான் வயிறாரச் சாப்பிட்டேன். படத்தை இந்தக் கடிதத்தோடு பிரேம்காரரிடமே கொடுத்தனுப்புகிறேன். என் மேல் கோபம் இருந்தால் இருக்கட்டும், என் பெண்ணிடம் மட்டும் ஒரு வார்த்தை பேசிவிடுங்கள்.

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம். மாப்பிள்ளைக்கும் மகளுக்கும் எங்கள் இருவரின் ஆசிகள்.

இப்படிக்கு,
மூச்சு திரும்பி வந்த உங்கள் சம்பந்தி

பின்குறிப்பு: உறையில் போடும்போதுதான் கவனித்தேன். கோட்டில் நான்கு பொத்தான்களில் மூன்றுதான் கறுப்பு. கல்யாணத்தன்று காலையில் ஒன்று குறைந்ததால், என் பழைய மழைக்கோட்டிலிருந்து ஒரு பழுப்புப் பொத்தானைப் பிடுங்கி வைத்துத் தைத்துவிட்டேன். ஐந்து வருடமாக யார் கண்ணிலும் படவில்லை. இப்போது அதன் ஓட்டைகளைக்கூட எண்ணலாம். உங்கள் செயலாளர் என்னிடம்தான் சட்டை தைக்கிறார், இந்தப் பொத்தானைப் பார்த்தால் இனி என் கடைப் பக்கம் வருவாரா? யோசித்துப் பார்த்தால் அந்த மங்கல் படத்திலும் உங்கள் முகத்தில் ஒரு களை இருக்கத்தான் செய்தது. அந்தப் படத்தை இன்னும் தூக்கிப் போட்டுவிடவில்லையே?