முதல் குவளை மண்ணுக்கு

போத்தோசி நகரம்,
மழை ஓய்ந்த மறுநாள்.

மரியாதைக்குரிய அத்தை அவர்களுக்கு,

மருமகன் கொர்பினியான் பணிவுடன் எழுதுவது. நான் நலம். அங்கே பவேரியாவில் உங்கள் முழங்காலும் என் அஃப்ராவும் நலமாயிருக்க மாதாவை வேண்டுகிறேன்.

பீர் விற்க ஆரம்பித்ததும் உங்கள் பெண் அஃப்ராவை இங்கே அனுப்புகிறேன் என்றீர்கள். அனுப்ப வேண்டாம்.

காரணம் கேட்பீர்கள். இந்த மலை நகரத்தில் தண்ணீர் போதுமான அளவு சூடாவதற்கு முன்பே கொதித்துவிடுகிறது, அதைச் சமாளித்தேன், பீர் காய்ச்சும் செப்புக் கொப்பரையைச் சுமந்த கோவேறு கழுதை பாதி மலையில் உட்கார்ந்துகொண்டது, கெஞ்சி எழுப்பினேன், ஆலையை ஆசீர்வதிக்க வந்த பாதிரியார் பீப்பாயைத் தானே திறக்க ஆசைப்பட்டு நுரையில் முழுக்க நனைந்துபோனார், அவரும் உதட்டை நக்கிவிட்டு "பரவால்லையேப்பா" என்றார், பிழைத்தோம் என்று நினைத்தேன் அத்தை, அப்போதுதான் சுரங்கக்காரர்கள் வந்தார்கள்.

கோயிலுக்குப் போடும் ஞாயிற்றுக்கிழமைச் சட்டையில். முதல் குவளையை வாங்கிய கிழவர் சிக்ஸ்தோ அதைச் சாய்த்துத் தரையில் ஊற்றினார். அடுத்தவரும். அதற்கடுத்தவரும். என் பீர். என் தரை.

"பிடிக்கலைன்னா வெளிய போங்கய்யா!" என்று சிக்ஸ்தோவின் கையிலிருந்து குவளையைப் பிடுங்கினேன்.

போய்விட்டார்கள். ஒருவரும் திட்டவில்லை. அதுதான் தாங்கவில்லை.

பக்கத்து வீட்டில் மக்காச்சோளக் கள் விற்கும் மெல்ச்சோரா வந்தாள்.

"ஏண்டா செம்பட்டத் தலையா, மண்ணாத்தாளுக்குக் குடுக்காம எவனாவது வாயில வைப்பானா?"

"தெரியாதே அக்கா."

"மட்டமானத அவளுக்கு யாரு ஊத்துவா? உன்ன மதிச்சு ஊத்துனாங்கடா."

அன்றிலிருந்து கடை காலி. வழியில் பார்த்தால் சிக்ஸ்தோ தொப்பியைத் தொட்டு வணக்கம் சொல்கிறார். உள்ளே வருவதில்லை. அஃப்ராவுக்கென்று செய்த நாற்காலியில் மெல்ச்சோராவின் பூனை தூங்குகிறது. ஆள் வராத கடையில் உட்காரவா அவள் கடல் தாண்டி வர வேண்டும்? கொப்பரையை விற்றுவிட்டு ஊர் திரும்புகிறேன்.

கர்த்தர் உங்களுக்கு நல்ல தூக்கமும் தோட்டத்துக்கு நல்ல மழையும் தரட்டும்.

பணிவுள்ள மருமகன்,
கொர்பினியான்

பி.கு.: உறைக்கு அரக்கு உருக்கிக்கொண்டிருந்தபோது மெல்ச்சோரா உள்ளே வந்து, பீப்பாயை உருட்டச் சொல்லி, என்னைச் சட்டையோடு பிடித்து சிக்ஸ்தோ வீட்டு வாசலுக்கு இழுத்துப் போனாள். முதல் குவளையை மண்ணில் ஊற்றினேன். இரண்டாவதையும். மூன்றாவதையும். கதவு திறந்தது.

"போதும்டா தம்பி!" சிக்ஸ்தோ கத்தினார். "ஆத்தாளுக்குப் போதை ஏறிடப்போவுது. எங்களுக்கும் கொஞ்சம் வையி!"

பீப்பாய் தெருவிலேயே தீர்ந்தது. நாளைக்கும் வருவார்களாம்.

தபால்காரர் வாசலில் அவசரப்படுத்துகிறார், மாற்றி எழுத நேரமில்லை. மேலே உள்ளதை அஃப்ராவுக்குப் படித்துக் காட்டாதீர்கள். அவளைக் கம்பளியோடு கப்பலேற்றிவிடுங்கள். துறைமுகத்துக்கு மட்டும் நீங்கள் வர வேண்டாம் அத்தை. உங்கள் முகத்தைப் பார்த்தால் ஏற மாட்டாள்.